நீலக் கட்டம்

மார்கழியில் எடுத்த படமாம்.
மாவட்ட ஆபீசிலிருந்து சுருட்டி அனுப்பியிருந்தார்கள்.
சாயல்குடிக்குத் தெற்கே கரை முழுக்க
சின்னச் சின்னக் கட்டங்கள், நிறம் நிறமாய்.
தீ வாய்ப்பு என்ற தலைப்பின் கீழ்
நான் எழுதவேண்டியது ஆளுக்கொரு சொல்:
அதிகம், நடுத்தரம், குறைவு, இல்லை.
பதினோரு வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவனுக்கு
இதென்ன பரீட்சை.

சவுக்குத் தோப்பு: அதிகம்.
ஊசிச்சருகுக்கு அடியில் நடந்துபோகும் நெருப்பு.
புகையைப் பார்த்து ஓடினால்
அது பத்தடி தள்ளி நிற்கும்.

பனங்காட்டுக்கு ஒரு சொல் போதாது.
அடிப்புல் எரிகையில் பனை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும்.
காவோலை தொங்குகிற மரம் என்றால்
ஒரே மூச்சில் உச்சி,
எங்கள் குழாய் எட்டாத உயரத்தில் சடசடவென்று.
ஆனாலும் ஆவணிக்குள்
அதே கரிக்கழுத்தில் குருத்து எட்டிப் பார்க்கும்.
நடுத்தரம் என்று போட்டேன்,
பனை வந்து கேட்கவா போகிறது.

மணல்மேட்டில் அடும்பு, ராவணன்மீசை: குறைவு.
(பற்றிய மீசையொன்று உருண்டு உருண்டு
வலைக்குடிசைவரை வந்து
கடலைப் பார்த்ததும் அணைந்துவிட்டதாக
மூக்கையூர் சந்தியாகு சொல்வார்.
அவர் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளவேண்டும்.)

கழிமுகத்து அலையாத்தி: இல்லை.
உப்பளம்: இல்லை.
நீல நிறத்தில் ஒரு கட்டம், கண்மாய்.
அதற்கு அவர்களே அச்சடித்திருந்தார்கள்:
நீர்நிலை. இல்லை.

சித்திரைக் கடைசி.
கச்சான் முந்திக்கொண்டு வந்த ஒரு மதியம்.
போன்.
"கண்மாய்க்குள்ள தீ சார்."
"கரையிலயா?"
"உள்ள சார், உள்ள."

மாசியிலேயே வற்றியிருந்தது.
கோரை நின்றபடி காய்ந்து
நடுவே இடுப்புயரக் கருவேலங்கன்று,
அதற்கும் நடுவே நம்புசெல்வியின் ஆட்டுப்பட்டி.
வண்டியில் நாலாயிரத்து ஐந்நூறு லிட்டர்.
கச்சானுக்கு முன்னால் அது எட்டு நிமிஷம்.
அதன்பின் தண்ணீர் நிரப்பும் இடம் என்று
எங்கள் ரிஜிஸ்டரில் இருப்பது
இதே கண்மாய்தான்.

பச்சை வேலங்கிளை ஒடித்து அடித்தோம்.
கரிமூட்டம் போடும் வில்லாயுதம்
மண்வெட்டியோடு ஓடிவந்தார்,
மூட்டத்தை மூடுகிற அதே கையால்
தீயின் வாயில் மண்ணை வாரி வாரிப் போட்டார்.
போலீஸ் முதலில் விசாரித்தது அவரைத்தான்.
அவர் மூட்டம் மூன்று நாளாய்
வெள்ளைப் புகை விட்டுக்கொண்டு
போட்ட இடத்திலேயே கிடந்தது.
காரணம் என்ற இடத்தில்
பீடித்துண்டு என்று எழுதினேன்.
எப்போதும் அதைத்தான் எழுதுவேன்,
யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

பொழுது சாய்கையில் ஆடு எண்ணினாள்.
பதினேழில் இரண்டு குட்டி குறைந்தது.
ஒன்று மடைக்குழியில் கிடைத்தது,
ஒரு கையளவு ஈரத்தில் மூக்கை அமுக்கியபடி,
முதுகு மயிர் சுருண்டு, உயிரோடு.
மற்றதைத் தேட வேண்டாம் என்றாள்.

வண்டி முன்சீட்டில் விரிந்துகிடந்தது படம்.
சாம்பல் விரலை நீலத்தில் வைத்தாள்.
"இதென்ன சார், கடலா?"
"இல்லம்மா. நாம நிக்கிற இடம்."
அவள் காலடியைக் குனிந்து பார்த்தாள்.
மறுபடி படத்தைப் பார்த்தாள்.
குட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அச்செழுத்தை அடித்துவிட்டு
அதிகம் என்று எழுதினேன்.
நீலத்தின்மேல் நீலப் பேனா, தெரியவில்லை.
அழுத்தினேன்.
பக்கத்துக் கட்டத்திலும் பதிந்தது.