அளவெடுத்துச் செய்தது

பதினான்கு மாதம், ஔலிஸ்.
முன்பணம் ஆயிரத்து எண்ணூறு யூரோ,
மீதியும் பேரம் பேசாமல் எண்ணிவைத்தேன்.

என் சமையலறையில் என்னை நிற்கவைத்து
துடைப்பக் கட்டையைத் தோளில் சார்த்தச் சொல்லி
நாடா பிடித்து அளந்தீர்கள்.
மருந்துக்கடை ரசீதின் முதுகில் எழுதினீர்கள்.
இடக்கைக்காரி என்று மூன்று முறை சொன்னேன்.
மூன்றாம் முறை
அதன்கீழ் ஒரு கோடுகூடப் போட்டீர்கள்.

கூஹ்மோவில் முதல் உறைபனி விழுந்த வியாழக்கிழமை
துப்பாக்கி வந்தது.
என் கன்னம் பதியும் பக்கம் வழவழவென்று மொட்டை.
மேடு மறுபக்கம் இருந்தது,
யாரோ ஒரு வலக்கைக்காரனின் கன்னத்துக்குக் காத்துக்கொண்டு.

திருகுகள் மூன்று.
மூன்றின் வெட்டும் மூன்று திசையில்,
பாகப்பிரிவினைக்குப் பின் அண்ணன் தம்பிகள் நிற்பது போல.
குழலுக்கும் வால்நட் கட்டைக்கும் இடையே
இடப்பக்கம் ஓர் ஐந்து யூரோ நோட்டு தாராளமாக நுழைந்தது.
வலப்பக்கம் என் கட்டைவிரல் நகம்.
பூசி மெழுகுவது என்று காதால் கேட்டதுண்டு,
கண்ணால் அன்றுதான் பார்த்தேன்:
மர நிறத்தில் பசை,
அதன்மேல் தேன்மெழுகு.

என் பட்டறை மேசையிலிருந்து நீலத்தாள் எடுத்துவந்தேன்.
பல்லும் பல்லும் எங்கே இடிக்கிறது என்று
காட்டிக்கொடுக்கும் தாள்.
குழலைக் கழற்றி, தாளை நடுவே வைத்து இறுக்கினேன்.
இரண்டே இடத்தில் நீலம் ஒட்டியது.
மற்றதெல்லாம் காற்று.
காற்றுக்கும் சேர்த்தே விலை கொடுத்திருக்கிறேன்.

அக்டோபரில் இரண்டு நாள் மழை.
முதல் மழைக்கே உங்கள் வேலை பல்லிளித்தது.
கட்டை ஊறி, குழலை ஒரு பக்கமாக நெட்டித் தள்ளி,
சதுப்பின் அக்கரையில்
எண்பது மீட்டரில் நின்ற மூஸ் மானை விட்டுவிட்டு
ஒரு பிர்ச் மரத்தைச் சுட்டேன்.
மான் திரும்பிப் பார்த்தது.
கோபமில்லை அதற்கு. கொஞ்சம் யோசித்தது, போய்விட்டது.
பிர்ச் கறி எத்தனை மணி நேரம் வேகும் என்று
வேட்டைக் குழுவில் யால்மரி
இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அதனால்தான் வந்தேன்.
அதனால்தான் அத்தனை உரக்கப் பேசினேன்,
கடையில் ரவை வாங்க வந்த பையன்
ரவை வாங்காமலே போகுமளவுக்கு.

நீங்கள் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்தீர்கள்.
முப்பத்திரண்டு அல்ல, இருபத்தெட்டு.
எனக்குத் தெரியும்.
செய்தவள் நான்.

கீழ்வரிசையைக் கழற்றி
துப்பாக்கியின் பக்கத்தில் வைத்தீர்கள்.
உதடு உள்வாங்க, சொல்லெல்லாம் காற்றாக,
"இதுவும் அளவெடுத்துச் செய்ததுதான், ரைலி" என்றீர்கள்.
ஆறு குளிர்காலம்.
கம்பு ரொட்டியைப் பாலில் ஊறவைத்து.
பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று சொல்லலாம்தான்,
கடித்தால் கழன்று விடுகிறதே என்றீர்கள்.

என் கோட்டுப் பையில் நீலத்தாள் இருந்தது.
மறுபடி மாட்டுங்கள் என்றேன். கடியுங்கள்.

இரண்டு இடம்.
இரண்டே இரண்டு இடம்.

அப்புறம் கொஞ்ச நேரம்
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
ஆறு வருடமாக மளிகைக்கடையில் பார்க்கும்போதெல்லாம்
எப்படியிருக்கிறது என்று கேட்டிருக்கிறேன்.
பரவாயில்லை என்றிருக்கிறீர்கள்.
அந்தப் பரவாயில்லையை
நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

துப்பாக்கியை உங்களிடம் விட்டு,
பல்லை ஈரக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தேன்.
இப்போது விளக்கடியில் இருக்கிறது.
பின்கடைவாயில் நான் அவசரப்பட்டது தெரிகிறது.
அன்று வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும்.

ஆனால் ஒன்று கணக்கில் வையுங்கள்:
என் பிழை உங்கள் பிழையை அடைக்காது.
பசை பசைதான்.
நான் புதன்கிழமைக்குள் முடித்துவிடுவேன்,
அதுவரை சூப் குடியுங்கள்.

மேடு வலப்பக்கம், ஔலிஸ்.
கட்டையின் வலப்பக்கம்.
கண்ணாடி பார்த்து அளக்காதீர்கள்.