பதினான்காம் வேற்றுமை

ஜனவரி. அலாரம் ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது.
போனைக் குறை சொல்ல முடியாது.
என் கட்டில் ஜன்னலோரம், ஜன்னல் நார்வா ஆற்றோரம்;
நள்ளிரவில் அது அக்கரைக் கோபுரத்தின்
கையைப் பிடித்துக்கொண்டுவிட்டது.
"ரஷ்யா உங்களை வரவேற்கிறது" என்றது திரை.
நான் போர்வைக்கு வெளியே
கால்விரலைக்கூட நீட்டியிருக்கவில்லை.
குளிர்காலத்தில் அக்கரை எங்களைவிட
ஒரு மணி நேரம் மூத்தது.
கோடையில் ஒத்த வயது.

அன்றைக்குப் பார்த்து எனக்கு எஸ்தோனிய மொழித்தேர்வு.

நாற்பத்து மூன்று வயதில் எதற்கடி இது என்று
தையல்கூடத்தில் கேட்டார்கள். சொல்லவில்லை.
அயர்லாந்தில் கிரேன் ஓட்டுகிற என் மகன் க்லெப்
ஏதோ படிவத்தில் 'தாயின் நாடு' என்ற கட்டத்தில்
ஒரு சிறுகோடு போட்டானாம்.
சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.
பல்லிடுக்கில் இறைச்சி நார் போல
அந்தக் கோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

என் கடவுச்சீட்டு சாம்பல் நிறம்.
அட்டையில் 'அந்நியர்' என்றிருக்கும்.
இதே ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.
பிறந்த நாடு, ஒரு கோடை விடுமுறை முடிந்து
நான் பள்ளிக்குத் திரும்புவதற்குள் கலைந்துவிட்டது.
யாரும் வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.

பிறக்கும்போதே எனக்கு ஆறு வேற்றுமை உள்ள மொழி.
இவர்களுடையதில் பதினான்கு.
பஸ்ஸில், வரிசையில், முட்டைக்கோஸ் நறுக்குகையில்
வேற்றுமைகளை மனனம் செய்தேன்.
பதின்மூன்றாவது, 'இல்லாமல்'.
அது முதல் நாளே வந்துவிட்டது:
குடையில்லாமல், சர்க்கரையில்லாமல், நாடில்லாமல்.
பதினான்காவது, 'உடன்'.
அது நாக்கில் நிற்கவே மாட்டேன் என்றது.

ஆக, கையில் ஒரு மணி நேரம்.
எந்த அரசாங்கக் கணக்கிலும் சேராதது.
கோட்டை மதிலடியில் போய் நின்று ரிம்மாவை அழைத்தேன்.
அக்காள். அக்கரை. நூற்றைம்பது மீட்டர்.
பாலத்து வரிசை நேற்று ஆறு மணி நேரமாம்.
மஞ்சள் தொப்பியோடு
அவளும் ஒரு விளக்குக் கம்பத்தடியில் வந்து நின்றாள்.
கை அசைத்தாள்; பிறகுதான் குரல் வந்தது.
கை நேராக வந்துவிட்டது.
குரல் எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பெட்டிக்குள்
நுழைந்து எழுந்து வந்ததோ.
"சாப்பிட்டாயா?"
இதற்குத்தான் அவ்வளவு சுற்று.

தேர்வறையில் கைரித் என்றொரு பெண்,
என்னைவிட இளையவள், சளி பிடித்திருந்தது.
ஒரு படம் காட்டினாள்: புல்வெளி, கூடை, நாலு பேர், ஒரு நாய்.
யார் யாருடன் வந்திருக்கிறார்கள்?
நாய் சிறுவனுடன், என்றேன். கூடை, அந்த அம்மாளுடன்.
சரி. நீங்கள் இன்று யாருடன் வந்தீர்கள்?
இது படத்தில் இல்லை.
ரிம்மாவின் பெயர் வாய்வரை வந்து திரும்பிப்போனது.
"ஆற்றுடன்" என்றேன்.
விகுதி சரியாகத்தான் விழுந்தது, எனக்குத் தெரியும்.
அவள் பேனாவை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்தாள்.
எதையோ எழுதினாள்.
தலைகீழாய்ப் பார்த்ததில்
எழுத்தா சிறுகோடா என்று பிடிபடவில்லை.

முடிவு வர நாற்பது நாள்.

மதிய ஷிஃப்ட்டுக்கு நேரத்தோடு போய்விட்டேன்.
நாங்கள் தைப்பது சீட் பெல்ட்.
துருக்கியிலோ பிரேசிலிலோ ஏதோ மழைச்சாலையில்
யாரோ சட்டென்று பிரேக் போடும்போது
நெஞ்சுக்குக் குறுக்கே இறுகுவது என் தையல்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் நூலின் எண்.
ஒவ்வொன்றையும் மூன்று முறை
வெடுக்கென்று இழுத்துப் பார்த்துத்தான்
பெட்டியில் போடவேண்டும்.

இழுத்தேன். பிடித்தது.
இழுத்தேன்.
மேசையில் போன் ஒளிர்ந்தது,
மறுபடியும் அக்கரை வரவேற்கிறதாம்.
இரு, என்று சொல்லிவிட்டு
மூன்றாவது முறை இழுத்தேன்.