எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்

களியக்காவிளைச் சந்தை தாண்டி
இடதுபுறம் என் பட்டறை.
கல் அந்தப் பக்கத்திலிருந்து வரும்,
இறந்தவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும்.
எழுத்துக்குப் பதினெட்டு ரூபாய்.
புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை.

பெர்ஷியா வந்த அன்று ஐப்பசி மழை,
தகரத்துக்குக் கீழே
கத்தித்தான் பேசவேண்டியிருந்தது.
இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை,
கையில் நனைந்த சீட்டு:
ஜெரோம் தாஸ், வயது முப்பத்தொன்று.
ரப்பர் ஏற்றிய லாரி.
அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மாமியார் வீடு பாறசாலையில்.
அவர்களுக்கு மலையாளத்தில் வேண்டுமாம்,
இவளுக்குத் தமிழில்.
கண்ணீர் அங்கேயும் கண்ணீர்தான்,
சந்தோஷமும் சந்தோஷம்தான்,
செக்போஸ்டில் எவரும் இறக்கிப் பார்க்காத சரக்கு
என்று சொல்ல வந்து
உளியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சின்ன வசனமாக இரண்டு காட்டினேன்.
ஒன்றில், சிநேகிதன் செத்த ஊரில்
அவர் அழுகிறார்.
மற்றதில், எந்நேரமும் மகிழ்ந்திருக்கச் சொல்லி
ஒரு கட்டளை.

"கொஞ்ச நேரத்துல எழுப்பப் போறோம்னு
அவருக்குத் தெரியும் இல்லியா அண்ணா,
பொறவு எதுக்கு அழுதாரு?"

முப்பது வருடமாக வெட்டுகிறேன் அந்த வரியை.
கோணாமல் வருகிறதா என்றுதான் பார்த்திருக்கிறேன்.

விதைக்கிறவனின் வசனத்தை எடுத்தேன்.
அழுதபடி விதை சுமந்து போகிறான்,
கதிர்க்கட்டோடு பாடித் திரும்புகிறான்.
எண்ணிச் சொன்னேன்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தாள்,
பாதிக்குத்தான் வந்தது.

குறைத்துக்கொள்கிறேன் என்றேன்.
"வேண்டாம். போறது மட்டும் வெட்டும்.
வாறதுக்குப் பொறவு தாறேன்."

வெட்டினேன்.
மீதிக்குப் பென்சிலில் கோடு போட்டு
வண்டி ஏற்றி அனுப்பினேன்.

இந்த ஈஸ்டர் விடியலில்
என் மனைவியின் கல்லைத் துடைக்கப் போனேன்.
(அதில் வசனமே கிடையாது.
வெட்டுகிறவன் வீட்டுக் கல் அப்படித்தான்.)
இரண்டு வரிசை தள்ளி பெர்ஷியா
மெழுகுவர்த்தி காற்றில் அணைய அணையக் கொளுத்துகிறாள்.
குழந்தை கல்லின் மேலேயே உட்கார்ந்து
ஏத்தன்பழம் தின்கிறது,
வெறும் இடத்தில் தோலை வைத்துவிட்டு.

"மீதி எப்போ வெட்டலாம்?"

"அடுத்த மாசம்" என்று சிரித்தாள்.
போன ஈஸ்டருக்கும் இதையேதான் சொன்னாள்,
அப்போது சிரிக்கவில்லை.

பென்சில் கோடு முதல் மழையிலேயே போயிருக்கும்.
தோலை எடுத்துவிட்டுத் தடவிப் பார்த்தேன்,
அடுத்த எழுத்து எங்கே தொடங்கும் என்று
விரலுக்குத் தெரிந்திருந்தது.
கல் இன்னும் குளிர்ந்துதான் கிடந்தது.