ஆ 5, பெ 3

பாக்கெட் நோட்டு வருசத்துக்கு மூணு செலவாகும் எனக்கு.
வெள்ளகோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க்கடையில வாங்குவேன்,
அட்டையில மயில் படம் போட்டது.
தேதி, எடம், ஆ எத்தனை, பெ எத்தனை,
சனிக்கிழமை பட்டுவாடா.
பேரெழுதிப் பழக்கமில்லை.

நேத்து ராத்திரி சங்கத்து ரத்தினசபாபதி
வாட்ஸப்புல ஒரு மசோதா அனுப்பினான்.
கட்டடத் தொழிலாளர் காப்பீடு, முன்வரைவு,
நாப்பத்தியொரு பக்கம்.
"முப்பது நாளுக்குள்ள கருத்துச் சொல்லோணுமாம் மேஸ்திரி,
நீங்க படிச்சவராச்சே."
எட்டாவது படிச்சவன் நான்.
கண்ணாடியத் தொடைச்சுட்டு உக்காந்தேன்.

தமிழ்தான்.
ஆனாலும் கம்பி நெருக்கிக் கட்டின தூண் மாதிரி,
ஜல்லி உள்ள எறங்க மாட்டேங்குது.
பிரிவு ரெண்டு. பிரிவு ஏழு. ஏழுல உட்பிரிவு இ:
"விபத்து நேர்ந்த நாளன்று
பணிப் பதிவேட்டில் பெயர் இடம்பெற்றிருந்த
தொழிலாளியின் வாரிசுக்கு..."

அங்க நின்னுட்டேன்.

பரண்மேல ஏறிப் பழைய மயிலுகள எறக்கினேன்.
முத்தூர் ரோடு, தேங்காய்க் களத்துக் குடோன்.
ஜூன் 17. ஆ 5, பெ 3.
ஜூன் 18. வேலை இல்லை.
ஜூன் 19. ஆ 4, பெ 2.

ஆணுல கொறைஞ்ச ஒண்ணு செல்லாண்டி.
ரெண்டாஞ் சாரத்துல மட்டப்பலகையோட நின்னான்.
காத்து ஒரு தகரத்தத் தூக்குச்சு,
எட்டிப் புடிக்கப் போனான்.
தகரம் அவனுக்கப்பறந்தான் கீழ வந்துச்சு.

பெண்ணுல கொறைஞ்ச ஒண்ணு அவன் சம்சாரம்.
ஓனரு இருவத்தஞ்சு குடுத்தாரு, நான் எட்டு.
எண்ணாம வாங்கி மடியில கட்டுச்சு.
ஜூலை 9. பெ 3.

பிரிவு பதினொண்ணுல
"இயற்கைச் சீற்றம் நீங்கலாக"ன்னு ஒரு வரி.
கணவாய்க் காத்தச் சொல்றாங்களா?
அது சீத்தமில்லீங்க, வருசா வருசம் வார ஒறம்பரை.
வைகாசிக் கடைசியில வரும்,
ஆவணி பொறந்தாத்தான் கெளம்பும்.
அந்தக் காத்துலதான் நாங்க சாரம் கட்டறோம்.
கருத்துன்னு கேட்டா இத எழுதோணும்.

கணக்கும் போட்டுப் பாத்தேன்.
தலைக்கு, நாளைக்கு, ஒரு டீ ஒரு பஜ்ஜிதான் ஆகும்.
அத ஓனரு எனக்குத் தார ரேட்டுல கழிப்பாரு.
ரேட்டுல கழிச்சா நான் கூலியில கழிப்பேன்.
பொய் சொல்லி என்ன ஆவுது.
அதுக்கு எந்தப் பிரிவுன்னு தேடினேன், ஆம்படல.
செல்போனு சூடாயிருச்சு.

காலையில ஓலப்பாளையம் பிரிவு.
நோட்ட விரிச்சுப் பேர் கேட்டேன்.
"ரேஷனுக்குங்களா, ஓட்டுக்குங்களா?"
சிரிச்சாங்க.
ஒடிசாப் பையன் கார்டையே நீட்டினான்,
அந்த எழுத்து எனக்குத் தெரியாது.
காதுல உளுந்தத எழுதினேன், ஜோகேந்திரோ.
"ரோ நெடிலா குறிலா?"ன்னு கேக்க ஆளில்லை.

ஒம்பது வருசமா 'இந்தா புள்ள'ன்னு நான் கூப்புட்டது
மம்புட்டிய சுவத்துல சாத்திட்டு வந்துச்சு.
"மாரக்கான்னு எழுதிப்போடாதீங்க, கார்டுல மாராத்தாள்."
எழுதினேன்.
"ஊட்டுக்காரரு பேரும் வேணுமுங்களா?"
வேணும்ன்னேன்.
ரோட்டப் பாத்துட்டு நின்னுச்சு.
ஒரு லாரி போச்சு, சத்தம் அடங்கற வரைக்கும் நின்னுச்சு.
அப்பறம் வாயத் தொறந்து சொல்லுச்சு.

அவம் பேரு எம்பட நோட்டுல ஏறினது
அதுதான் மொதோத் தடவை.

கடைசியா ஒரு கோடு பாக்கி கெடக்குது.
நானும் சாரம் ஏறறவன்தான், போன மாசம் சறுக்கின மொழங்கால்
இன்னும் மடங்க மாட்டேங்குது.
பிரிவு ரெண்டுப்படி நான்
'வேலையளிப்பவர்' ஆவனா, 'தொழிலாளி' ஆவனா?
டெம்போக்காரன் ஹாரன் அடிக்கறான்.
காத்து பக்கத்தப் புரட்டப் பாக்குது.
பேனாவக் காதுல சொருகிட்டு
கட்டவெரலால அமுத்திப் புடிச்சுட்டு நிக்கறேன்.