தட்டோடு வருகிறவள்

முதல் படத்தில் ஒரேயொரு வசனம் அவளுக்கு:
"மழை வரும் போலிருக்கிறது, அம்மணி."
சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.
யன்னலுக்கு வெளியே நல்ல வெயில்.

ஹில்டா மார்ஷம்.
பெயர் ஓடி முடிகிற இடத்தில்,
நாயைப் பழக்கியவருக்கு
இரண்டு வரி மேலே.

என்.சி. வீதியில் எங்கள் கடை.
ஊரடங்கு தளர்கிற இரண்டு மணி நேரத்தில்
சண்டைப் படமெல்லாம் வாடகைக்குப் போய்விடும்.
மிஞ்சுவது
வெள்ளைக்காரர் தேத்தண்ணி குடிக்கிற படங்கள்.
கரண்ட் இருந்தால் நான் பார்த்தேன்.
யாருக்கோ தேத்தண்ணி கொண்டுவர வேண்டியிருந்தது,
அவள் வந்தாள்.

சீ.ஆர். கொப்பியில் குறிக்கத் தொடங்கினேன்.
நிமிடம் பதினாலு: கோட்டை வாங்கிக் கொளுவுகிறாள்.
அறுபத்தொன்று: பிரேதத்தைக் கண்டு தட்டைப் போடுகிறாள்.
(தட்டு உடையவில்லை. தகரம்.)
இன்னொன்றில் மேற்றன்,
பிறகு வாடகை கேட்கிற வீட்டுக்காரி,
கோட்டில் "ஓம் ஐயா, கண்டேன்" என்கிற சாட்சி.
என் கணக்கில் எல்லாம் ஒருத்திதான்.
ஒரு படத்தின் குசினிக் கதவால் வெளிக்கிட்டு
அடுத்த படத்தின் குசினிக்குள் ஏறுகிறாள்.
இடையில் எங்கே நித்திரை கொண்டாள்
என்பதை ஒருவரும் எடுக்கவில்லை.

இருபத்தேழு வயதிலேயே நரை பூசினார்கள்.
எழுபதில் சொந்த நரையோடு வந்தபோது
அதைப் போதாது என்றார்களோ என்னவோ,
தொப்பி போட்டு மறைத்திருந்தார்கள்.

ஐம்பத்தாறில் இங்கேயும் வந்தாள்.
கப்பற்படைக் கதை.
நாயகனுக்கு உவர்மலையில் பங்களா.
அவளுக்கு உட்துறைமுகத்தில் ஒரு பகல்:
பாதிரியாரின் தமக்கை, வெள்ளைக் குடை.
வள்ளத்திலிருந்து இறங்குதுறைக்குக் கால் வைக்கையில்
ஒரு கை நீளும்,
கறுத்த கை, முழங்கை மட்டும்.
அது அப்பா
என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன்.

பாசியில் அவள் வழுக்குவாள்.
கதையில் அது இருந்திராது.
குடை சரிய, முகத்தில்
பழகாத ஒரு பயம்;
அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றுவாள்.
உடனே நாயகி வருவாள்,
கமெரா அவளோடு போய்விடும்.

தொண்ணூறில் வீடு எரிந்து அல்பங்கள் போயின.
கசெட் கடையில் கிடந்தபடியால் தப்பியது.
அம்மாவை இருத்திப் போட்டுக் காட்டினேன்.
தேங்காய் திருவிக்கொண்டே பார்த்தாள்.
"உன்ர அப்பான்ர கையில்லை அது.
அவருக்கு நங்கூரச் சங்கிலி நசிச்ச பெருவிரல்.
இது மூதூர் லெப்பைத்தம்பி."
பாதித் தேங்காய் முடிந்தது.
"திருப்பிப் போடு" என்றாள்.

எத்தனை தரமோ போட்டோம்.
இப்போது அந்த இடத்தில் நாடா தேய்ந்து
குறுக்கே வெள்ளைக் கோடு ஓடுகிறது,
கை எதென்று இனி ஒருவரும் சொல்லமுடியாது.

போன வைகாசியில் செத்துப்போனாளாம்,
தொண்ணூற்றி நாலு வயதில்.
செய்தியில் ஆறு வரி.
நாலில் வேறு நடிகர்களின் பெயர்,
அவர்களுக்கு அவள் கோட்டு வாங்கிக் கொளுவியிருக்கிறாள்.

கடையில் இப்போது றீலோட் போடுகிறோம்.
மேசை லாச்சியில் கொப்பி.
நேற்று எடுத்து, கடைசிப் பக்கத்தில்
பழைய வரி ஒன்றைத் திருத்தினேன்.
நிமிடம் முப்பத்தெட்டு:
வழுக்குகிறாள்.
பிடிக்கிறார்கள்.