பெருக்கும் எண்

எடை ஐம்பத்தெட்டு. பத்தால் பெருக்கு.
உயரம் நூற்று ஐம்பத்தாறு. ஆறேகாலால் பெருக்கிக் கூட்டு.
வயது முப்பத்தேழு. ஐந்தால் பெருக்கிக் கழி.
பெண்ணா?
இன்னும் ஒரு நூற்று அறுபத்தொன்று கழி.

டோம்பிவிலியில் ஏறி முலுண்ட் தாண்டியாயிற்று.
ஒரு கை மேல்கம்பியில், மறு கையில் பென்சில்.
தாளை நெரிசல் பிடித்துக்கொள்கிறது,
முன்னால் நிற்பவள் முதுகுதான் மேசை.
அனுமதி கேட்டேன். சிரித்தாள்.

விடை ஆயிரத்து இருநூற்று ஒன்பது.
ஒன்றுமே செய்யாமல் கிடந்தாலும்
நெஞ்சு துடிக்க, நகம் வளர
இந்த உடம்புக்கு நான் கட்டும் வாடகை.

ஒன்றுமே செய்யாமல் கிடந்த நாளை
யோசித்துப் பார்க்கிறேன்.
டைபாய்டு வந்த வருஷம்.
இரண்டு நாள்.

வயதுக்குக் கழிப்பது போகட்டும்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும்
தட்டிலிருந்து ஒரு வேர்க்கடலை.
கொடுத்துவிடலாம்.
இந்த நூற்று அறுபத்தொன்றுதான் இடிக்கிறது.
ஆண் என்றால் கழிக்க வேண்டாமாம்,
ஐந்து கூட்டணுமாம்.
வித்தியாசம் நூற்று அறுபத்தாறு:
நெய் தடவாத இரண்டு சப்பாத்தி.

தசைக்கும் கொழுப்புக்கும் உள்ள கணக்கு அது,
ஓரவஞ்சனை இல்லை என்றான் ஷிர்கே.
ஓட்டம் சொல்லித் தருகிறவன்,
என்னைவிடப் பதினொரு வயது சின்னவன்.
புரிந்தது.
ஆனால் எந்தச் சூத்திரமும் தெரியாமலே
நாங்கள் நான்கு பேர் சாப்பிடும் வீட்டில்
அதே இரண்டு சப்பாத்தி
தினம் கழிந்துகொண்டுதான் இருந்தது,
கடைசியில் உட்காருகிறவள் தட்டில்.

இனி வந்த விடையைப் பெருக்கணும்.
உட்கார்ந்த வேலை: ஒன்று புள்ளி இரண்டு.
வாரம் நாலு நாள் பயிற்சி: ஒன்று புள்ளி ஐந்து ஐந்து.
ஃபோர்ட்டில் ஆறாவது மாடியில்
காப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறேன், உட்கார்ந்து.
செவ்வாய், வியாழன், சனி விடிவதற்குள் ஓடுகிறேன்.
ஞாயிறு முதல் ரயில் பிடித்து வொர்லி கடலோரம்.
இதற்கிடையில்
போக ஒரு மணி பத்து நிமிஷம், வர அவ்வளவு,
குதிகால் மட்டும் ஊன்றி நிற்கிறேனே
இதற்கு எந்தக் கட்டம்?
தாளில் இல்லை.

முதல் மாதம் ஒன்று புள்ளி இரண்டு போட்டேன்.
யாரும் சொல்லவில்லை.
குறைவாகக் கேட்கிறவள் நல்லவள் என்று
கை தானாகப் போய் அங்கே டிக் அடித்தது.
ஆயிரத்து நானூற்று ஐம்பத்தொன்று.
அரிசியை நிறுத்தேன், எண்ணெயை நிறுத்தேன்.
"தங்கமா நிறுக்கறே?" என்றார் அவர்,
இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே.

பதினோராவது கிலோமீட்டரில்
கால் நின்றுபோனது.
வலி இல்லை. கோபமும் இல்லை.
மின்சாரம் போன மிக்ஸி மாதிரி அப்படியே.
கடற்சுவரில் உட்கார்ந்தேன்.
என் ஃபிளாட் எண் மறந்துவிட்டது.
பி-விங் என்று மட்டும் தெரிந்தது.

ஷிர்கே என் நோட்டைப் புரட்டினான்.
எழுந்து போய் நாலு வாழைப்பழம் வாங்கிவந்தான்.
தின்று முடித்ததும் காசு கேட்டான்.
அவ்வளவுதான் அவன் சொன்ன புத்தி.

இப்போது ஒன்று புள்ளி ஐந்து ஐந்து.
ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு.
எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருந்தது,
பெரிய தொகைக்கு மனு போட்டதுபோல.
என் மேசைக்கு வந்திருந்தால்
சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

இரவு பத்தரை.
எல்லோரும் சாப்பிட்டாயிற்று, நானும்தான்.
கூட்டிப் பார்த்தால்
இன்னும் நூற்று அறுபத்தாறு பாக்கி.
சிரிப்பு வந்தது.

மாவு கொஞ்சம் இருக்கிறது.
கல்லை மறுபடி ஏற்றுகிறேன்.
"இந்நேரத்துக்கு யாருக்கு?" என்று
உள்ளறையிலிருந்து குரல்.

இரண்டு. உப்பி வருகின்றன.
நெய் தடவுகிறேன்.
அதைத் தனியாக எழுதணும்.