சேர்க்காதே, விடாதே

முதலில் போனது 'அகப்பை'.
குழம்பின் ஆவிக்கு மேல்
கையை நீட்டியபடி நின்றாள்.
"அதை எடுங்க. அந்த... கிண்டுறது."
எடுத்துக் கொடுத்தேன். சிரித்தோம்.
வயது ஐம்பத்தெட்டு. யாருக்குத்தான் மறக்காது?

அப்புறம் சல்லடை. அப்புறம் சாவி.
பின்வாசலில் காய்த்துக் கொட்டும் பிலிம்பிங் காய்.
எங்கள் மகனுக்கு நாங்கள் வைத்த பெயரில் பாதி.

பாகாவ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இருபத்தேழு வருஷம்
அமிர்தவல்லி மொழிபெயர்ப்பாளர்.
கூலியைக் குறைத்த மண்டோர்,
வெட்டுக்கத்தி எடுத்த மருமகன்,
சம்சு குடித்து லோரியில் மோதிய மோட்டார்காரன்,
எல்லார் தமிழும் இவள் வாய்வழிதான்
மலாய் ஆகி மேசை ஏறும்.
கெட்ட வார்த்தையைக்கூடக் கழுவித் தரமாட்டாள்.
"சொல்லாததைச் சேர்க்கக் கூடாது,
சொன்னதை விடக் கூடாது,
அதுக்குத்தான் சத்தியம் வாங்குறாங்க" என்பாள்
செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன்.
என் பேச்செல்லாம் கியரோடு.
பேங்க், வரி, மகனுக்குப் பெண் கேட்டுப் போன வீடு,
எங்கேயும் எனக்காகப் பேசியவள் அவள்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
பிள்ளை வயது டாக்டர் படம் காட்டுகிறார்.
ஒட்டகம். நங்கூரம். தேள்.
"அது" என்கிறாள். "அதேதான்."
மூளையின் இடது பக்கம் சுருங்குகிறதாம்,
நிறுத்த மருந்து இல்லையாம்,
எல்லாம் மலாயில்.
நான் அவள் பக்கம் திரும்பி
"தூக்கம் பத்தலையாம்" என்றேன்.
சேர்த்தேன். விட்டேன்.
ஒரே வாக்கியத்தில் இரண்டும்.
அவளுக்கு மலாய் தெரியும் என்பது
கார் நிறுத்திய இடத்துக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

இந்த வருஷம் வினைச்சொற்களும் போய்விட்டன.
நாக்கு தானாக ஓடும் தடம் மட்டும் மிச்சம்:
ஒன்றிலிருந்து இருபது வரை,
பிறகு "துவான்".
அவித்த முட்டையை நீட்டினால் "துவான்".
குளியலறையில் கால் வழுக்கினால் "துவான்".
ராத்திரி மூன்று மணிக்கு
என் நெற்றியைத் தடவி, மெதுவாக, "துவான்".
கோர்ட்டில் அதற்குக் கனம் நீதிபதி என்று பொருள்.
தோட்டத்தில் என் அப்பா
தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு சொன்னது அது.
என்னை யாரும் அப்படி அழைத்ததில்லை.

நேற்று, பஸ் நிலையத்துக்கு எதிரே காப்பிக்கடை.
ஆ சோங் கேட்டான், "அக்காவுக்கு என்ன?"
"தே ஓ, சீனி கம்மி."
முப்பத்தொரு வருஷமாக அதுதான்.

மேசையை அடித்தாள். கரண்டிகள் குதித்தன.
மைலோவா? இல்லை.
பார்லியா? இல்லை.
ரொட்டியா, கழிப்பறையா, வீட்டுக்குப் போகணுமா?
வாய் திறந்தது.
'அது'கூட வரவில்லை.

வெளியே ஒரு குலை லோரி
பழங்களை உதிர்த்துக்கொண்டு போனது.
மற்ற மேசைகள் எங்களைப் பார்த்தன.
ஆ சோங் துடைக்கும் துணியோடு நின்றான்.
என்ன தோன்றியதோ, எழுந்தேன்.
"அவங்க சொன்னதை நான் தப்பாச் சொல்லிட்டேன்"
என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.
"என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியல.
அப்படியே எழுதிக்குங்க."

அவள் கை மேசையிலிருந்து இறங்கியது.

தே ஓ வந்தது.
அவள் தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.
கிளாஸ் விளிம்பில் எறும்பு ஏறும்வரை
உட்கார்ந்திருந்தோம்.